தாயம் விழாத நோயாளி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், 2014 ஜூலை முதல் இரணியலுக்குப் பக்கத்து நர்சிங் கல்லூரியில் எம்.எஸ்சி. மாணவியர் எவரும் படிக்கலாகாது; விளையாடவே வேண்டும்.

இந்த உத்தரவுக்கு மூலகாரணம் சபிதா. எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு மேற்படிப்புக்கு வந்தவள். செமினாருக்குப் படிக்கச் சோம்பல்பட்டு, 'விளையாட்டுவழிக் கற்றல்' என்று இன்டர்நெட்டில் கிடந்ததை அப்படியே உருவிப் பேசிவிட்டாள். பேசியது அவளுக்கே புரியவில்லை. ஆகவே பிரின்சிபல் ஜெயபாய் மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஏட்டி சபிதா, அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். நீயே ஒரு விளையாட்டு உண்டாக்கு. சொதப்பினா இன்டர்னல் மார்க் கெடையாது. பரீட்சை எழுத விடமாட்டேன், பாத்துக்க."

சபிதாவுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு தாயம். சார்ட் பேப்பரில் கட்டம் வரைந்தாள். காய்தான் மாரடைப்பு நோயாளி. தாயம் விழுந்தால் அட்மிஷன். பிறகு ஈ.சி.ஜி., ஊசி, ஐ.சி.யூ. நடுக்கட்டத்துக்குப் போய்விட்டால் டிஸ்சார்ஜ்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த குமாரதாஸ் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சபிதா கட்டையை உருட்டினாள். மூன்று. ஐந்து. மறுபடியும் மூன்று. அதற்குள் கூட ஆடின வகுப்புத்தோழி பிரிஜா, இன்னொரு தோழி லிஜாவின் நோயாளியை ஐ.சி.யூ. வாசலில் வைத்து வெட்டி, வெட்டின சந்தோஷத்தில் இன்னொரு ஆட்டமும் ஆடினாள்.

அரைமணி நேரம் ஆயிற்று.

"சிஸ்டர், உங்க ஆளுக்கு நெஞ்சுவலிதானே?"

"ஆமா சாரே."

"பின்ன என்னத்துக்கு வெளிய கெடக்காரு?"

"தாயம் விழல்ல சாரே."

"உள்ள எடுத்துப் போட்டுட்டு அப்புறம் உருட்டினா என்ன?"

"ஐயோ, அது ரூலுக்கு விரோதம்!"

ஜெயபாய் மேடம் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கினார். சபிதாவின் இன்டர்னல் மார்க் கண்ணெதிரே கரைந்து போய்க்கொண்டிருந்தது. குமாரதாஸ் பேனாவைத் திறந்தார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"விளையாட்டு நடைமுறையோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறது. முழு மதிப்பெண் வழங்கலாம்."

சபிதா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "எட்டு வருஷ அனுபவம் சாரே!"

"தெரியும் சிஸ்டர். ரெண்டு வருஷம் முந்தி எங்க அம்மையை நெஞ்சுவலின்னு தூக்கிட்டு வந்தப்ப, 'மொதல்ல சீட்டு எடுங்க, பேரு வரும்போ கூப்பிடுவோம்'னு சொன்னது நீங்கதான். அண்ணைக்கு கையில ஒரு தாயக்கட்டை தந்திருந்தா, நானும் சும்மா நிக்காம உருட்டிட்டாவது இருந்திருப்பேன்."

ஜெயபாய் மேடம்தான் முதலில் கைதட்டினார். பிறகு வகுப்பே தட்டியது. சபிதாவும் தட்டினாள்.