பதினேழு புஞ்சம் பூநாரை

காஞ்சிபுரம்,
1971, ஐப்பசி 14

சௌபாக்கியவதி தங்கை லோகாம்பாளுக்கு அண்ணன் கோதண்டபாணி அனேக ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் சுகம், என் இடது செருப்பு நீங்கலாக. அது பழவேற்காட்டு ஏரிச் சேற்றிலேயே தங்கிவிட்டது. சொல்வது நான், எழுதுவது என் கடைக்குட்டி அம்சா. வீட்டில் எழுத்து தெரிந்தது அவள் ஒருத்திதான், என்ன செய்ய?

நீ பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை சிட்டிபாபுவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அம்சாவை அவனுக்குக் கொடுப்பதற்கில்லை. இந்த இடத்தில் அம்சா பேனாவை நிறுத்திவிட்டாள். கேட்டால், "மை தீந்துபோச்சுப்பா" என்கிறாள். காலையில்தான் ரொப்பினாள்.

உத்தியோகம் என்றாயே, என்ன உத்தியோகம் என்று சொன்னாயா? ஐப்பசியில் ஏரிக்கு வந்து இறங்குகிற பறவைகளை எண்ணுவதாம்! நம் தென்னேரிக்கும்தான் வாத்து வருகிறது. போன வருஷம் வந்து இறங்கிய தேதி புரட்டாசி இருபத்தேழு, அதற்கு முந்தின வருஷம் இருபத்தொன்பது, எல்லாம் என் மனசில் இருக்கிறது. சம்பளமா கேட்டேன்? சரி, பார்க்கலாம் என்று அவனோடு படகேறினேன். பாதியில் படகு தரைதட்டியது, இறங்கி நடந்தோம், முழங்கால் சேறு, செருப்பு போனது, வேட்டியைத் தூக்கிக் கட்டினால் நண்டு, இறக்கி விட்டால் உப்புத் தண்ணீர், கடைசியில் நிமிர்ந்து பார்த்தால், அடேயப்பா, தறியில் வெள்ளைப் பாவுக்குக் குறுக்கே ரோஜா ஊடை ஓட்டினாற்போல ஏரி முழுக்கப் பூநாரை. அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல். ஒன்றல்ல, மூன்று. மொத்தக் கூட்டமும் எழும்பிக் கூப்பிடு தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. பையன் காலையிலிருந்து எண்ணியதெல்லாம் போச்சு. கத்துவான் என்று பார்த்தால், "பரவால்ல மாமா, பறந்தா எவ்ளோ அழகா இருக்குது பாருங்க" என்கிறான். திரும்பத் தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சுமாரா ரெண்டாயிரம்" என்றான்.

சுமாரா! லோகா, கைநாட்டுதான் நான். ஆனால் நூற்றிருபது இழை ஒரு புஞ்சம் என்று பத்து வயதிலிருந்து தறிக்குப் பாவு எண்ணுகிறவன். அப்படியே எண்ணினேன். பதினேழு புஞ்சத்துக்கு நாலு குறைச்சல், இரண்டாயிரத்து முப்பத்தாறு. "சுமாரா எண்ணி எவனாவது பாவு ஓட்டுவானாப்பா?" என்று கேட்டேன். படகுக்காரர் சாமுவேல், "நாரைய வச்சுக்கினு பொடவையா நெய்யப் போறீங்க பெரியவரே?" என்று சிரிக்கிறார். பையனோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் என் கணக்கையே நோட்டில் எழுதிக்கொண்டான். எண்ணுவதும் சுமார், எண்ணியதில் நிற்கவும் தெரியாது. அவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது?

ஆகையால் வேறு இடம் பார். உன் வீட்டுக்காரர் பஞ்சாட்சரத்தை விசாரித்ததாகச் சொல். மூட்டுவலி இல்லாமல், நிறைந்த மஞ்சள் குங்குமத்தோடு நீ நூறு வயசு இரு.

இப்படிக்கு அண்ணன்
கோதண்டபாணி (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் சிட்டிபாபுவின் கார்டு வந்தது. மை தீர்ந்த பெண்ணுக்குப் படிக்கக் குரல் நன்றாகவே வந்தது. 'மாமா, நீங்கள் எண்ணும்போது நானும் கண்ணாடியில் கூடவே வந்தேன். எண்ணிக்கை சரி. ஆனால் அதில் ஒன்று பூநாரை இல்லை, கூழைக்கடா. படகுக்காரர் முன்னால் சொல்ல மனசு வரவில்லை. நோட்டில் இரண்டாயிரத்து முப்பத்தைந்து என்று திருத்திவிட்டேன், மன்னிக்கவும்.' கண்ணை மூடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பதினோராம் புஞ்சத்தின் கடைசியில் ஒன்று குட்டைக்காலோடு நின்றது, அப்போதே உறுத்தியது. ஐம்பத்தெட்டு வருஷமாக என் பாவில் ஒரு இழை தப்பு என்று எவனும் சொன்னதில்லை. இவன் சொல்லிவிட்டான். தையில் முகூர்த்தம் பார். மேலே எழுதியதை அடித்துவிடும்மா என்றால், "வேணாம்பா, அத்தை சிரிக்கட்டும்" என்கிறாள். மாப்பிள்ளையிடம் சொல், செருப்பு கிடைத்தால் எடுத்து வைக்கட்டும்.