வரதப்பன் புலியின் ஒற்றை மாத்திரை

ஒரு காட்டில் புலியும் மான்களும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு ஒழுங்காகத்தான் வாழ்ந்து வந்தார்கள், புலிக்குப் பிரஷர் வரும் வரை.

புலியின் பெயர் வரதப்பன். ஒருநாள் அவர் புதருக்குள் பதுங்கியிருந்து, கோமளம் என்கிற புள்ளிமான் மேல் பாய்ந்தார். பாதி வழியில் தலை கிறுகிறுத்துச் சேற்றில் விழுந்தார். புத்தியுள்ள மான் என்றால் அந்த நேரத்தில் ஓடியிருக்கும். கோமளமோ, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நின்று விசாரிக்காமல் போகத் தெரியாத குடும்பத்தில் பிறந்தவள்.

"என்னண்ணே, தலை சுத்துதா? பிரஷர் பாத்தீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா பிரஷர்?"

"எங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொன்னாரு" என்று பெருமூச்சு விட்டாள் கோமளம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. வரதப்பன் நேராக டாக்டரிடம் போனார்.

டாக்டர் கனகசபை ஒரு கருமந்தி. பட்டையைப் புலியின் முன்னங்காலில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. உப்பைக் குறைக்கச் சொல்லி, ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. அடுத்த முறை பாய்ந்தபோது வரதப்பன் கோமளத்துக்கு ஒரு முழம் பின்னால்தான் விழுந்தார்.

டாக்டர் மறுபடி அளந்து பார்த்தார். "இறங்கியிருக்கு. ஆனா பத்தாது. இதையே டபுள் பண்றதைவிட, வேற வகையில ஒண்ணைச் சின்ன டோஸா சேத்துக்கலாம். ரெண்டும் சேர்ந்தா நல்லாக் கேக்கும்."

செய்தி மான் கூட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் கோமளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா?" என்று மூத்த கலைமான் சத்தம் போட்டது. "அந்த ரெண்டாவது மாத்திரை உள்ள போச்சுன்னா முதல்ல போறது நீதான். உன் குட்டியை யாரு பாக்கிறது?"

கோமளம் குட்டியை ஒரு தரம் நக்கிக் கொடுத்தாள். பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு புலியைப் பார்க்கப் போனாள். புலி வாழைப்பழம் தின்னாது என்பது அவளுக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போனால் நன்றாகவா இருக்கும்?

"ரெண்டு மாத்திரையாமே அண்ணே? கேட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்லை. யானைக்கே ஒண்ணுதான் குடுத்திருக்காங்க. ரெண்டுன்னா பெரிய வியாதின்னு பேசுவாங்க. நாளைக்கு உங்க பிள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேச வேண்டாமா?"

வரதப்பனுக்குச் சுருக்கென்றது. இரண்டாவது மாத்திரையை அட்டையோடு ஆற்றில் எறிந்தார். அன்று மான்கள் ஆடிய ஆட்டத்தில் புல்வெளி புழுதிக்காடானது. அப்படி ஒரு ஆனந்தம்.

டாக்டர் கனகசபை இந்த மாதிரி ஆசாமிகளை நிறையப் பார்த்தவர். "ரெண்டுங்கிறதுதானே பிரச்சினை? இந்தாங்க, ரெண்டு மருந்தும் ஒரே மாத்திரையில வருது. யார் கேட்டாலும் ஒண்ணுதான்னு சொல்லுங்க."

வரதப்பன் பூரித்துப்போனார். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்காதவர்களிடமெல்லாம் "ஒண்ணேதான்" என்று சொல்லிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் பிரஷர் இறங்கியது. பாய்ச்சல் பிசகவில்லை. கோமளம் அவர் காலடியில் கிடந்தாள்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. எனக்கு உடம்பு தேறினதே உன்னாலதான்" என்றார். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பிறகு வாயைத் திறந்தார்.

கோமளத்துக்குக் குட்டியின் ஞாபகம் வந்தது. என்ன சொல்லித் தப்புவது என்று ஒன்றும் ஓடவில்லை. வாயில் வந்தது இதுதான்: "மாத்திரை போட்டாச்சாண்ணே? அது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

புலியின் வாய் திறந்தபடி நின்றது. "முன்னாடின்னுதான்... இல்லை, பின்னாடின்னு சொன்ன மாதிரி..."

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்கண்ணே. நான் எங்க போகப்போறேன்?"

"இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு வரதப்பன் ஓடினார்.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். வரிசையில் நின்ற கரடி, முன்னாடிதான் என்றது. வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகும் என்றது யானை. பாதிச் சாப்பாட்டில் நிறுத்திப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டும் என்று முள்ளம்பன்றி அடித்துச் சொன்னது. கடைசியில் டாக்டரே வந்து, "இந்த மாத்திரையை எப்ப வேணா போடலாம். தினமும் ஒரே நேரத்துல போட்டாப் போதும்" என்றார்.

வரதப்பன் அதை நம்பவில்லை. இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்கிறவர் என்ன டாக்டர்? இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று பசியோடு பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பிவிட்டார். கோமளம் தன் குட்டியோடு மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறாள்.

நீதி: மாத்திரை, அதைச் சாப்பிடுகிறவரைக் காப்பாற்றும். மாத்திரையைப் பற்றிய சந்தேகம், அவர் சாப்பிட இருந்தவரைக் காப்பாற்றும்.