எர்ரகொண்டா ஏறின கோணி

அவளா வாயைத் தொறந்து "வாங்க"ன்னு கூப்பிடற வரைக்கும் நான் பேசறதில்ல. சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்.

நான் பண்ண தப்பு இன்னா? என் பொஞ்சாதி பார்வதம்மா கோழி வெரட்டற மாதிரி, எங்க கூலிக்காரங்க ஊட்டு லைன்ல எல்லார் முன்னாடியும் பேசிக் காமிச்சேன். லைனே சிரிச்சுது. கோழிகூட பயந்து ஓடிச்சு. அவ மட்டும் சிரிக்கல. அன்னைலேர்ந்து ஊட்ல பேச்சு இல்ல.

தங்கச் சொரங்கத்து மரவாடியில ரம்பம் இழுக்கறவன் நான். துரை, மேஸ்திரி, புதுசா வந்த ரயிலு, அல்லாம் என் தொண்டையில கீது. பதில் சொல்ல ஊட்ல ஆள் இல்லன்னா அத்தினி கொரல் இருந்து இன்னா பிரயோஜனம்?

ஞாயித்துக்கெழமை காலையில கம்பத்தைப் பாத்துச் சொன்னேன்: "கம்பமே, நான் எர்ரகொண்டா மலைக்குப் போறேன். கூப்பிடாம எறங்க மாட்டேன்."

அவ ஒரலைப் பாத்துச் சொன்னா: "ஒரலே, போறவங்க போவட்டும். மூலையில கோணி கீது. மேல விரிச்சு ஒக்கார ஆவும்."

கோணியை எடுத்துக்கினு வாசல் தாண்டறேன். தட்டிக்கு அந்தாண்ட பக்கத்து ஊட்டு மரியகுழந்தை அக்காகிட்ட இவ குசுகுசுன்றா.

"அக்கா, மலை உச்சியில வெள்ளைக்கல்லு கீதாமே? உள்ள மஞ்சளா மின்னுதாமே?"

"ஐயோ, மெதுவா பேசுடி! துரை காதுல உழுந்தா மலையையே தோண்டிடுவான்!"

அந்தக் குசுகுசு தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

மலையில ஒரு பச்சை இல்ல. கள்ளி, காத்து, நான். பாறை செவப்பும் கருப்புமா பட்டை பட்டையா கீது, அவ கல்யாணப் பொடவைக் கரை மாதிரி. நடுவுல மோர் ஊத்தினாப்ல வெள்ளைக்கல்லு ஓடுது. உச்சியிலேர்ந்து பாத்தா பொகைக்கூண்டு, சொரங்கத்துக்குள்ள எறங்கற ஷாஃப்ட்டு மேல மரக்கோபுரம், அந்தாண்ட எங்க லைன். எங்க ஊட்டு அடுப்புப் பொகை எதுன்னு தேடினேன். அல்லாம் ஒரே பொகை.

மத்தியானம் ஆச்சு. யாரும் கூப்பிடல. துரை மாதிரி கத்தினேன். மேஸ்திரி மாதிரி திட்டினேன். ரயிலு மாதிரி கூவினேன். கேக்க ஒரு ஓணான். அதுவும் பூடுச்சு. கடைசில அவ கொரல்ல, "ஏங்க, சோறு ஆறுது, வாங்க!"ன்னேன்.

எதிர்ப்பாறை "வாங்க"ன்னுது.

 அதுக்கப்புறம் ஒரு கொரலும் வரல.

சரி, தங்கத்தைக் காலடியில கொட்டினா வாயைத் தொறந்துதானே ஆவணும்? தங்கம் கெடைச்சா சத்தியம் செல்லாதுன்னு சாமிகிட்ட பேசி முடிச்சேன். மின்னற வெள்ளைக்கல்லாப் பாத்துக் கோணி ரொப்பினேன்.

முதுகு ஒடிய எறங்கி வாசல்ல கொட்டினேன். அவ ஒரு கல்லை எடுத்தா. திருப்பினா. பேசல. இன்னொண்ணை எடுத்தா. பேசல.

என்னால தாங்கல.

"தங்கம்டி பார்வதம்! தங்கம்!"

"மின்னறது காக்காப்பொன்னு. அல்லாத்தையும் ஒரல்ல போட்டு இடிங்க. பொங்கலுக்குக் கோலமாவு இல்ல."

"அடிப்பாவி! வாயைத் தொறந்து கேட்டிருந்தா வாங்கியாந்திருக்க மாட்டேனா?"

"மொதல்ல பேசினா தோத்தவங்களாச்சே?"

இடிச்சேன். ஒலக்கையும் நானும் மட்டும். தட்டிக்கு அந்தாண்ட, "தங்கம்டி பார்வதம்! தங்கம்!"னு அச்சு அசலா என் கொரல்; பேசிக் காமிக்கறது அவ. மரியகுழந்தை அக்கா உழுந்து உழுந்து சிரிக்கறாங்க.

நான் வாயே தொறக்கல.