பெரியப்பாவுக்குக் காட்டிய குழம்பு நோட்டு

எம்.பி.ஏ. முடித்தவர்களை முதல் ஆறு மாதம் எந்தக் கம்பெனிக்குள்ளும் விடக்கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். அது இல்லாததால் பாதிக்கப்பட்டது சிவகாசியில் எங்கள் காலண்டர் கம்பெனி. பாதித்தது நான்.

கோயம்புத்தூரில் படித்துவிட்டு நான் கொண்டுவந்த ஒரே சொத்து 'ஓப்பன் இன்னோவேஷன்'. ஒரு கம்பெனி தன் மூளையை மட்டும் நம்பாமல் வெளியார் யோசனையையும் வாங்க வேண்டும், தன்னுடையதையும் வெளியே கொடுக்க வேண்டும், எல்லோரும் வளரலாம். (ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்ற பக்கத்தை நான் படிக்கவில்லை. பரீட்சைக்கு வராது என்றார்கள்.)

அந்த வருஷம் அம்மா ஒரு அருமையான யோசனை சொல்லியிருந்தாள். தினசரி காலண்டரில், நல்ல நேரத்துக்குக் கீழே, அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று போடுவது. வருஷம் முழுவதுக்கும் தானே நோட்டில் எழுதினாள். அமாவாசை, கிருத்திகைக்குப் பார்த்துப் பார்த்து சைவம். ஆடிப்பெருக்கன்று ஏஜெண்டுகளுக்கு மாதிரி காட்டும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

நான் விட்டேன். அப்பாவும் அம்மாவும் இருக்கன்குடி கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, ஊரில் உள்ள காலண்டர்காரர்களையெல்லாம் 'யோசனைப் பகிர்வு'க்கு அழைத்தேன். வந்தவர் ஒருவர்தான். பெரியப்பா. (அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கல்யாண வீட்டில் பக்கத்து இலை, தொழிலில் ஜென்ம விரோதி.)

"உங்க கம்பெனில என்ன புதுசு பெரியப்பா?"

"நம்மகிட்ட என்ன தாயி இருக்கு? அதே முருகன், அதே லட்சுமி. நீ படிச்ச புள்ள, நீ சொல்லு."

அவர் இரண்டாவது போண்டாவைக் கடிப்பதற்குள் அம்மாவின் நோட்டு அவர் கையில் இருந்தது.

"போட்டோ எடுத்துக்கிடட்டுமா?"

"தாராளமா! இதுதான் ஓப்பன் இன்னோவேஷன்."

"எம்புட்டு நல்ல படிப்பு!" என்றார், மனசார.

ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் முன்பு ஒரு ஏஜெண்ட் வந்து, பெரியப்பாவின் மாதிரியை மேஜையில் வைத்தார். "அண்ணாச்சி, இந்த மாதிரி நீங்க எதுவும் போடலியா?"

ஜனவரித் தாள்கள். அத்தனையும் அம்மாவின் சமையல். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு அவள் சலித்துப்போய், 'நேத்து வச்ச கொளம்புதான், வாயத் தொறக்காம தின்னுங்க' என்று கிறுக்கியிருந்தாள். அதையும் பெரியப்பா எழுத்துப் பிசகாமல் அச்சடித்திருந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். "பதிலுக்கு அவுக என்னத்த குடுத்தாக?"

"பாராட்டுனாக."

அம்மா திட்டவில்லை. நோட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினாள். அந்த வருஷம் நாங்கள் முருகனையும் லட்சுமியையும் வைத்துத்தான் ஓட்டினோம்.

போன வருஷம் தம்பிக்கு விருதுநகரில் பெண் பார்த்தார்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள், பூக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"கூடப் பெறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

அம்மா தாம்பூலத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா, நீ பொண்ணு போட்டோவைக் கொண்டுபோயி பெரியப்பாகிட்ட காட்டுவ. அவுக வீட்லயும் ஒரு பையன் சும்மாத்தான இருக்கான்?"