என் சுண்டுவிரல் நகமும் ஜெயத்தின் நகவெட்டியும்

உயிரே போனாலும் இந்த நகத்தை வெட்ட விடுவதில்லை என்று ஒரு புதன்கிழமை சபதம் எடுத்தேன். உயிர் போகவில்லை. வயிறுதான் போய்க்கொண்டே இருந்தது.

ஏதோ சாதாரண நகம் என்று நினைத்துவிடாதீர்கள். வலது கைச் சுண்டுவிரல் நகம். ஒரு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. ஆரணியில் பட்டு நெய்கிறவன் எவனும் நகம் வளர்க்க மாட்டான். இழையில் மாட்டினால் இழுத்துவிடும். நான் வளர்த்தேன். தேங்காயெண்ணெய் தடவி, கண்ணாடி போல வழவழவென்று வைத்திருந்தேன். தறியில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும். நடுவில் ஒன்று அறுந்து ஒளிந்துகொள்ளும். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை விடுவேன். அறுந்த இழை தானாக வந்து அதில் ஏறி உட்காரும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சிலந்தியின் வலை அறுந்துவிட்டது. அது முழித்த முழியைப் பார்த்து மனசு கேட்காமல், நகத்தாலேயே முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அந்த நன்றிக்கு அது இன்று வரை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் ஒட்டடை அடிக்காததால் போகவில்லை என்று என் மனைவி சொல்லுவாள். நம்பாதீர்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனதே இந்த நகத்தால்தான். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் முள்ளிப்பட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி கொண்டுவந்த பெண்ணின் முந்தானையில் ஒரு ஜரிகை இழை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தும் பார்க்காத மாதிரி பக்கோடாவைப் பார்த்தார்கள். நான் மட்டும் “ஒரு நிமிஷம்மா” என்று நகத்தை நீட்டினேன். ஒரே தள்ளு. இழை உள்ளே போய்விட்டது. மாமனார் அசந்துபோய், “இந்த நகக்காரருக்கே என் பொண்ணு” என்று எழுந்து நின்றார்.

பெண்ணின் பெயர் ஜெயம். பெயர்ப் பொருத்தம் பார்த்தார்கள். பெயரின் பொருளை யாரும் பார்க்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சிலும் ஜெயம்தான்.

அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். தறியில் குறுக்கே இழையை இழுத்துக்கொண்டு ஓடுவதும் நாடா, நிஜாரில் கட்டுவதும் நாடா. அன்று காலை என் நிஜார் நாடாவுக்குத் தறி நாடாவைவிட வேலை ஜாஸ்தி. கூடத்திலிருந்து கழிப்பறை, கழிப்பறையிலிருந்து கூடம். பத்து மணிக்குள் ஒரு புடவையே நெய்து முடித்திருப்பேன், அவ்வளவு ஓட்டம்.

ஏழாவது ஓட்டத்தில் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஜெயம் ஓடிவந்து தோளில் தாங்கிப் பாயில் படுக்கவைத்தாள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு லிட்டரில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குடிங்க. மடக்கு மடக்குனு ஊத்திக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா.”

“வெளிய போறத நிறுத்த மாத்திரை குடுப்பியா, உள்ள தண்ணிய ஊத்துறியே?”

“போன தண்ணி திரும்ப உள்ள வரணும். இல்லன்னா வாழத்தண்டு மாதிரி வதங்கிடுவீங்க. வயசு எழுபத்தொண்ணு. ரெண்டு நாள்ல நிக்கலைன்னா, ஜுரம் வந்தா, ரத்தம் கண்டா, நேரா ஆஸ்பத்திரி. உங்க கதையெல்லாம் அங்க போயி சொல்லுங்க.”

பேச்சு முறைப்பாக இருந்தாலும் முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கே பாவமாகிவிட்டது. அரை டம்ளர் குடித்தேன். கஞ்சி வந்தது. அதுவும் இறங்கியது. சாயந்திரம் ஓட்டம் கொஞ்சம் குறைந்தது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஜெயம் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வக்கீல் மாதிரி.

“ஏங்க, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சோறுதான?”

“ஒரே சோறு.”

“ஒரே கொழம்புதான?”

“ஒரே கொழம்பு.”

“எனக்கு வயிறு கல்லு மாதிரி இருக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் கொழா மாதிரி தொறந்துகிச்சி?”

“வயசாவுதில்ல.”

“எனக்கு இன்னா, பதினாறா நடக்குது? உங்க போக்கு சரியில்லன்னு நாப்பத்தெட்டு வருஷமா சொல்லிகினு இருக்கறேன். இப்ப வயித்துப்போக்கே வந்து சாட்சி சொல்லுது.”

நான் சிலந்தியைப் பார்த்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“நேத்து மகளிர் குழு மீட்டிங்குக்கு நர்சம்மா வந்திருந்தாங்க,” என்றாள் ஜெயம். “வயித்தால போறதுக்கு முக்கால்வாசி காரணம் நம்ம கையிலதான் இருக்குதாம்.”

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். குறிப்பாகச் சுண்டுவிரலை.

“நகத்துக்கு அடியில கிருமிங்க கூட்டுக் குடும்பமே நடத்துதாம்.”

மெல்ல எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள். நகவெட்டியை எடுத்தாள். டிக் என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

என் வயிறு சட்டென்று நின்றுவிட்டது. பயத்தில்.

“ஜெயம்! நகம் ஒண்ணும் பண்ணல. அது நிரபராதி.”

“அப்போ யாரு பண்ணது?”

நிரபராதியைக் காப்பாற்ற வேண்டுமானால் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வேறு வழி?

“தர்பூசணி!” என்றேன்.

“எந்தத் தர்பூசணி?”

“திங்கக்கெழம… பஸ் ஸ்டாண்டு எதிர்க்க… தள்ளுவண்டில வெட்டி வெச்சிருந்தான். நானும் பக்கத்து வீட்டுத் துரையும் ஆளுக்கு ரெண்டு கீத்து.”

“மூடி வெச்சிருந்தானா?”

“மூடிதான் இருந்திச்சி.”

“எதால?”

“ஈயால.”

டிக்.

“தேவிகாபுரம் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அன்னிக்கா?”

“கோயிலுக்குத்தான் கெளம்பினேன். பஸ் வர லேட்டு. அதுக்குள்ள தர்பூசணி வந்துடுச்சி.”

“சரி. வெட்டி வெச்ச பழம் இனிமே தொடக் கூடாது.”

“தொட மாட்டேன்.”

“நகத்து மேல சத்தியம்?”

“நகத்து மேல சத்தியம்!”

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். ஜெயம் நகவெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ரெண்டு கீத்துக்கா இவ்ளோ ஓட்டம்? அதுவும் திங்கக்கெழம துன்னது புதன்கெழமையா வரும்? இல்லீங்க. எனக்கென்னமோ நகம்தான்…”

டிக். டிக்.

“தண்ணி!” என்று கத்தினேன்.

“எந்தத் தண்ணி? நான்தான் தெனம் காய்ச்சி ஆற வெச்சி உங்க சொம்புல ஊத்தி வெக்கிறனே?”

“காய்ச்சின தண்ணில ருசியே இல்ல, ஜெயம். செத்துப்போன தண்ணி. அதக் கறிவேப்பிலச் செடிக்கு ஊத்திட்டு, நான் தெருக்கொழாயில புடிச்சிக் குடிச்சிகினு இருந்தேன்.”

“ரோட்ட நோண்டிப் போட்டாங்களே, அந்தக் கொழாயிலயா? ஒரு வாரமா டீ கலர்ல வருதே!”

“டீ கலர்ல வந்தா டீன்னு நெனச்சிக் குடிக்கறதுதான்.”

“சாக்கட கலந்திருக்கும்யா! அதான் அந்தச் செடி மட்டும் அப்பிடித் தழைச்சிருக்குதா? நல்ல தண்ணி செடிக்கு, சாக்கடத் தண்ணி உங்களுக்கு. இனிமே?”

“காய்ச்சின தண்ணி. நகத்து மேல சத்தியம்.”

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் நகவெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் பல்லைப் பார்த்தாள். மனுஷனுக்கு எவ்வளவுதான் தைரியம் இருக்கும்?

“கறி!” என்றேன்.

“எந்தக் கறி?”

எங்கள் கூடத்தில் ஒரு தறிக்குழி இருக்கிறது. நெய்கிறவன் காலை உள்ளே தொங்கவிட்டு உட்காரும் பள்ளம். முட்டி வலி வந்த பிறகு நான் அதில் இறங்குவதில்லை. மேலே பலகை போட்டிருக்கிறோம். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மிச்சமான ஆட்டுக்கறிக் குழம்பைக் கொட்டிவிடச் சொல்லி ஜெயம் என்னிடம் கொடுத்தாள். கொட்டினேன். சின்னத் தூக்குவாளியில் கொட்டினேன். தூக்கைக் குழியில் இறக்கினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் மீட்டிங்குக்குப் போனதும் தூக்கை மேலே ஏற்றிக் காலி செய்தேன்.

“மூணு நாளு!” ஜெயம் நெஞ்சில் கை வைத்தாள். “சுட வெச்சாவது துன்னீங்களா?”

“சுட வெச்சா வாசன வரும். நீ கண்டுபுடிச்சிடுவ.”

“கெட்டுப்போன வாசன வரலியா?”

“வந்திச்சி. மசாலான்னு நெனச்சேன்.”

கிடைத்த இடத்தில் கிடைத்ததைத் தின்பதில் எனக்கு எப்போதும் பேதம் கிடையாது. அதனால்தான் பேதி.

“பழசு துன்ன மாட்டேன், நகத்து மேல சத்தியம்,” என்று நானாகவே முந்திக்கொண்டேன். ஜெயம் தலையை ஆட்டினாள். பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, “ஏங்க, கொல்லையில உங்களுக்குன்னு வெச்ச சோப்பு பொங்கலுக்கு வாங்கினது. பங்குனி வந்துடிச்சி. இன்னும் அதுல எழுதியிருக்கற எழுத்துகூட அழியல,” என்றாள்.

நான் கையைப் பாய்க்கு அடியில் ஒளித்தேன்.

டிக்.

“கழிப்பறைக்குப் போயிட்டு வந்து கொழாயத் தொறக்கறேன். சத்தம் கேக்கும். சோப்பு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிக்கறேன். நனஞ்சிருக்கும். அவ்ளோதான், ஜெயம்! வேற எதுவுமே இல்ல! என் கிட்ட சொல்ல இனிமே பாவமே பாக்கி இல்ல!”

அவள் நீண்ட மூச்சு விட்டாள். “சாப்புடறதுக்கு முன்னாடி, போயிட்டு வந்த பின்னாடி, சோப்பு போட்டு, நிதானமா இருபது எண்ணி?”

“நாப்பது எண்றேன். நகத்து மேல சத்தியம்.”

நகவெட்டி கீழே போனது. நகம் பிழைத்தது. வெள்ளிக்கிழமை வயிறும் பிழைத்தது.

சனிக்கிழமை காலையில் நகத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஜெயம் வீட்டுக்குள் இருந்தாலும் ஜெயம் என் பக்கம் என்று ஒரு மிதப்பு. பக்கத்து வீட்டுத் துரை வந்தான். விசைத்தறி வைத்திருக்கிறான். தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும். அதால்தான் முகம் துடைப்பான், கை துடைப்பான், தட்டு துடைப்பான், ஸ்கூட்டரும் துடைப்பான். அவனும் புதன்கிழமை என்னைப் போலவே ஓடியவன்தான்.

“அண்ணே, தெரியுமா? என் துண்டக் காப்பாத்திட்டேன்,” என்றான் பெருமையாக.

“துண்டுக்கு இன்னாடா ஆச்சி?”

“அதுலதான் கிருமின்னு சொல்லிகினு என் வூட்டுக்காரி கீதா தீப்பெட்டிய எடுத்துட்டாண்ணே. நான் வுடுவனா? தர்பூசணியச் சொன்னேன். தெருக்கொழாயச் சொன்னேன். ராத்திரி மீந்த பரோட்டாவச் சொன்னேன். எல்லாத்தையும் வுட்டுட்டேன். துண்டு தப்பிச்சிது!”

துரையின் விசைத்தறி டக்கு டக்கு டக்கு என்று அடித்தது. எனக்குள்ளும் ஏதோ அடித்தது.

“துரை… கீதாவும் குழு மீட்டிங்குக்குப் போச்சா?”

“ரெண்டு பேரும் ஒண்ணாதாண்ணே போனாங்க. புதன்கெழம சாயந்திரங்கூடச் சுவத்தோரம் நின்னு பேசிச் சிரிச்சிகினு இருந்தாங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் துண்டால் வாயைத் துடைத்தான். நான் நகத்தோடு வீட்டுக்குள் பாய்ந்தேன்.

“ஜெயம்! என் நகத்த வெட்டறதா பயங்காட்டி என்னைப் பேச வெச்சிட்டியா?”

“நகத்த வெட்டப் போறேன்னு நான் எப்பங்க சொன்னேன்?”

யோசித்தேன். சொல்லவில்லைதான்.

“அப்போ நகவெட்டி எதுக்கு எடுத்த?”

காலை நீட்டிக் காட்டினாள். பத்து விரலும் சுத்தமாக வெட்டி, மஞ்சள் பூசி இருந்தது.

“உங்க நகத்த நான் ஏங்க வெட்டறேன்? அது இருந்தாதான நீங்க என் வழிக்கு வருவீங்க. இன்னிக்கு நேத்திக்கா? பொண்ணு பாக்க வந்தப்பவே, நகக்காரப் புள்ளன்னு எங்க ஊரே சொல்லிச்சி. அந்த ஜரிக இழைய நான்தான் புடுங்கித் தொங்கவிட்டுகினு வந்தேன். பத்து பேருக்கு நடுவுல எனக்காகக் கைய நீட்டறாரா, பக்கோடாவுக்கு நீட்டறாரான்னு பாக்க.”

நாற்பத்தெட்டு வருஷப் பெருமை ஒரே இழுப்பில் பிரிந்து போனது. ஆனாலும் பாருங்கள், கோபம் வரவில்லை. காது ஓரம் சூடாக வெட்கம்தான் வந்தது.

“நகம் இருந்துட்டுப் போவட்டும். அடியில மட்டும் நல்லா தேய்ச்சிக் கழுவுங்க. அப்பிடி ஓடும்போது ஒரு நிமிஷம் பயந்துட்டேன், தெரியுமா?” என்று சொல்லிப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றையும் புதுச் சோப்பு ஒன்றையும் கையில் கொடுத்தாள்.

சத்தியம் செய்ததும் அந்த நகத்தின் மேலேயே. கழுவினேன். சாப்பிடும் முன், போய் வந்த பின், குழாயைப் பார்த்தாலே, ஜெயத்தைப் பார்த்தாலே கழுவினேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் நாற்பது. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு அசையாத நகம், சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, மழையில் நனைந்த அப்பளமாகிவிட்டது போலிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை.

பத்தாம் நாள் காலை, முப்பத்தெட்டு எண்ணும்போது ஒரு சின்ன சத்தம். டிக்.

நகவெட்டி இல்லை. நகமேதான். சோப்பின் நடுவில் குத்திக்கொண்டு நின்றது.

சோப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜெயத்தின் முன்னால் போய் நின்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சோப்பை உற்றுப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, புதுச் சோப்புல அதுக்குள்ள குப்ப ஒட்டிகினு இருக்குது? நகத்தால கிள்ளிப் போட்டுட்டு வைங்க.”

கிள்ளிப் போடலாம் என்றுதான் பார்த்தேன். நகம் இல்லை.