ஏழாம் நம்பர் அட்டையில் இருபது ஓட்டை

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிற சிலரும் உடனே சிரித்துவிடுகிறார்கள். அவர்கள் அன்றைக்கு அந்தக் குடோனுக்குள் இருந்தவர்கள், அல்லது இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். (கோயமுத்தூரில் இந்த இரண்டு வகையையும் சேர்த்தால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும்.)

தொண்ணூறுகளின் நடுவில் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது இருபத்துமூன்று. முதலாளி வேலுச்சாமி, கருமத்தம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்து பம்பு செய்ய ஆரம்பித்தவர். அவருக்குப் பம்புக்கு அடுத்தபடியாக உயிர், கைத்துப்பாக்கி. கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய குடோனைக் காலி செய்து, வரிசையாகப் பத்துப் பேர் நின்று சுடுகிற மாதிரி ஒரு கிளப்பே ஆரம்பித்திருந்தார். போட்டிகளில் சுடுகிற காற்றுத் துப்பாக்கிதான். ஒரே கையால் நீட்டிப் பிடித்து, பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகித அட்டையைச் சுட வேண்டும். அட்டையின் நடுவில் பத்து பாயிண்ட் வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும்.

கிளப்பில் பெண் ஒருத்தியாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க டைப் அடிக்கறதப் பாத்தனுங்க. கை துளிகூட நடுங்கறதில்லீங்க. துப்பாக்கி சுடறீங்களா?"

இதற்கு முன் என் கையை யாரும் புகழ்ந்ததில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே விபரீதம். விதிகளைச் சொல்லித் தந்தவர் கோபால் சார். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர், போட்டி நடக்கும்போது கிளப்புக்கு அவர்தான் நடுவர். "துப்பாக்கி வாய் எப்பவும் அட்டையப் பாத்துத்தான் இருக்கோணும். பேசறப்பவும் சரி, தும்மறப்பவும் சரி" என்றார். நான் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, துப்பாக்கியைக் கையில் எடுத்து, "இப்படிப் புடிக்கறதுங்களா சார்?" என்று கேட்டபடி முழுசாகத் திரும்பினேன்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த ஆறு பேரும் தரையில் கிடந்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டியோடு மணலில் குப்புறப் படுத்திருந்தார். ("லோடு பண்ணலீங்க" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.)

தண்டனையாக ஒரு வாரம் துப்பாக்கியைத் தொடக் கூடாது, வீட்டில் ஏதாவது கனமான பொருளை நீட்டிப் பிடித்துக் கைக்கு வலு ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த எடைக்கு இருந்தது இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். தினமும் சாயங்காலம் அதை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பேன். மில்லில் ரிட்டையரான அப்பா டைம்பீஸை வைத்துக்கொண்டு நொடி எண்ணுவார். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"துணியெல்லாம் கீழ மலையாட்டக் கெடக்குது. நீ என்ன கண்ணு, ஆகாசத்துக்கு இஸ்திரி போடறயா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு துப்பாக்கி திரும்பக் கைக்கு வந்தது. அதன்பின் நுட்பங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்தேன் என்றால், பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதுபோல. குழலின் முனையில் ஒரு சின்ன முளை இருக்கும். பார்வை அதன்மேல்தான் இருக்க வேண்டும். தூரத்து அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். அட்டையைப் பார்த்தால் குறி கெட்டது. அடுத்தது, விசையைச் சட்டென்று இழுக்காமல், குண்டு எப்போது போகும் என்று நமக்கே தெரியாதபடி மெதுவாக அழுத்த வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு மிகவும் பிடித்தது நிற்கும் முறை. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி அட்டைக்கு நேராக இல்லாவிட்டால் கையைத் திருப்பக் கூடாது, பின்காலை நகர்த்தி உடம்பையே திருப்ப வேண்டும். உடம்பு சரியாக நின்றுவிட்டால் கை தானாக இலக்குக்குப் போய்விடும். இதில் ஏதோ சாமி காரியம் இருப்பதுபோல எனக்கு ஒரு எண்ணம்.

எனக்கு எட்டாம் நம்பர் இடம். இடப் பக்கம் ஏழாம் நம்பரில் சலீம் பாய் நிற்பார். டவுன்ஹால் பக்கத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். மயிரிழை போன்ற ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து வைத்துப் பழகிய கை. கிளப்பில் முதலாளிக்குச் சரியான போட்டி அவர் மட்டும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஜெயிக்கத் துடிப்பார்கள், ஆனால் பேச்சில் அவ்வளவு மரியாதை. "இன்னிக்கு உங்க கை நெம்ப நல்லாருக்குதுங்க பாய்" என்று முதலாளி சொன்னால், அன்றைக்கு அவர் வயிறு எரிகிறது என்று அர்த்தம்.

ஆறு மாதம் கழித்து, சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்க கிளப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். ஆளுக்கு நாற்பது குண்டு, அட்டைக்குப் பத்து. ஆண்களில் முதலாவதாக வருகிற ஒருவருக்குத்தான் இடம். பெண்கள் பிரிவில் நான் ஒருத்திதான். முந்நூறு பாயிண்ட் எடுத்துவிட்டால் நானும் சென்னைக்குப் போகலாம். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் போட்டிக்கும் ஊர் தாண்டிப் போனதில்லை. அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவரும் அம்மாவும் டிபன் கேரியரோடு வந்து, பின்னால் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மூன்று அட்டை முடிந்தபோது எனக்கு 217. இன்னும் 83 வேண்டும். அதுவரை ஒரே அட்டையில் 75-ஐத் தாண்டியதில்லை. கை வேர்த்து ஊற்றியது. கோபால் சார் புது அட்டைகளை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் போய் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

"பயப்படாத கண்ணு. சொல்லிக் குடுத்தத அப்படியே செய்யி" என்றார் அப்பா.

அப்படியே செய்தேன். அதுதான் கோளாறு.

திரும்பி வந்து என் இடத்தில் காலை ஊன்றினேன். கண்ணை மூடினேன். கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தால், துப்பாக்கி முனைக்கு நேர் எதிரில் மங்கலான ஒரு கறுப்பு வட்டம், பொட்டு வைத்ததுபோல. காலை ஒரு அங்குலம்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆறு மாதப் பயிற்சியில் முதன்முறையாக உடம்பு தானாகவே இலக்கைக் கண்டுபிடித்திருக்கிறது!

"ஸ்டார்ட்!" என்றார் கோபால் சார்.

அதன்பிறகு எனக்கு உலகமே இல்லை. முளையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அட்டைக்கு மேலே பலகையில் ஒரு சாண் உயரத்துக்கு எழுதியிருந்த நம்பரையும் பார்க்கவில்லை. பத்துக் குண்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போயின. கடைசிக் குண்டு போனதும், 83 நிச்சயம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். (இந்தச் சிரிப்பைத்தான் அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள்.)

கோபால் சார் அட்டைகளைக் கழற்றி அவரவரிடம் கொடுத்துக்கொண்டே வந்தார். வழியிலேயே நின்றார். ஒரு அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மணி, நீங்க சுட்டீங்களா?"

"சுட்டனுங்க சார். பத்தும் சுட்டனுங்க."

அட்டையை என்னிடம் நீட்டினார். கடையில் வாங்கி வந்தபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைல பூந்துருச்சோ என்னமோங்க" என்றார் நம்பிக்கையோடு.

"அந்த ஒரு ஓட்டை எங்கீங்க?" என்றார் கோபால் சார்.

அப்போதுதான் ஏழாம் நம்பரிலிருந்து சலீம் பாயின் குரல் கேட்டது. ஆவியைப் பார்த்தவர் குரல்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. நான் பத்துத்தானுங்க சுட்டேன். அட்டைல இருவது இருக்குதுங்க."

எல்லோரும் ஏழாம் நம்பர் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு என் காலைப் பார்த்தார்கள். நானும் என் காலைப் பார்த்தேன். பின்கால் நிற்க வேண்டிய இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வெகு உறுதியாக ஊன்றியிருந்தது. என் உடம்பு தானாகக் கண்டுபிடித்த இலக்கு, பாயின் இலக்கு.

"அட்டை நடுவுல நடுவுல தானா ஆடுச்சுங்க. காத்துன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார் பாய்.

"நீங்க பாக்கலீங்களா சார்?" என்று முதலாளி கோபால் சாரைக் கேட்டார்.

"அம்மணி மறுபடி திரும்பிருவாங்களோன்னு துப்பாக்கி வாயவே பாத்துட்டிருந்தனுங்க."

விதிப் புத்தகம் வந்தது. அடுத்தவர் அட்டையில் சுட்டால் அதற்குப் பெயர் கிராஸ் ஃபயர். சுட்டவருக்கு அத்தனையும் பூஜ்ஜியம். ஆக நான் அதே 217-லேயே நின்றுவிட்டேன். அதோடு முடியவில்லை. எந்த ஓட்டை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், அட்டைக்குச் சொந்தக்காரருக்கு இருப்பதில் உயர்ந்தவற்றைக் கொடுக்க வேண்டும்.

பாய் பதறிப்போனார். "வேண்டாமுங்க சார்! நடுவுல கூட்டமா இருக்கறதெல்லாம் அம்மணி சுட்டதுங்க. நான் சுட்டது ஓரமாக் கெடக்குது பாருங்க. என்ற கை எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியறது வேறங்க, நிரூபிக்கறது வேற. எல்லா ஓட்டையும் ஒரே அளவு" என்று சொல்லி, கோபால் சார் உயர்ந்த பத்தைக் கூட்டினார். பாய் முதலிடம். முதலாளி ஒரே ஒரு பாயிண்ட் குறைந்து இரண்டாமிடம்.

முதலாளி என் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது, குரலில் மட்டும் மரியாதை குறையவில்லை.

"அம்மணி, உங்கள கிளப்புல சேத்துனது நானுங்களா?"

"ஆமாங்க."

"உங்க கைல இருக்கற துப்பாக்கி நான் வாங்கினதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நேரா என்னையவே சுட்டிருக்கலாமேங்க!"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "பொண்ணுகள்ல நீ ஒருத்திதான்னு சொன்னயே கண்ணு. அப்பறம் யாருகிட்டத் தோத்த?" அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு டைப் அடிக்க எனக்குக் கடிதம் சொன்னார். செவ்வாயும் சுவர், புதனும் சுவர். வியாழக்கிழமை நானே ராஜினாமா கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். கை நன்றாகவே நடுங்கியது. அவர் வாங்கி, மேலும் கீழும் படித்தார்.

"இது எனக்குத்தானுங்களா? பக்கத்து கம்பெனிக்குப் போகலீங்களே?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அந்தக் கடிதத்தாலேயே விசிறிக்கொண்டார். வேலை தப்பியது. பாய் சென்னைக்குப் போய், சொந்தக் குண்டுகளை மட்டும் சுட்டு, நடுவாந்தரமாக ஒரு இடத்தில் வந்தார். "அங்க பக்கத்துல நீங்க இல்லாமப் போயிட்டீங்க அம்மணி" என்று ஊர் திரும்பியதும் கடைக்குப் போன என்னிடம் வருத்தமாகச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். முன்வரிசையில் முதலாளியும் பாயும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இடப் பக்கம் அவருடைய தம்பி தோழனாக நின்றிருந்தார். மாலையைக் கையில் வாங்கியதும் எனக்குப் பதற்றத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. உடனே மண்டபமே அதிரும்படி முதலாளி குரல் கேட்டது.

"அம்மணி! கண்ணத் தொறந்து, நம்பரப் பாத்துப் போடுங்க!"

எங்கள் பக்கம் முழுக்க ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லவேளை, மாலை சரியான கழுத்தில் விழுந்தது. பிறகு சாப்பாட்டுப் பந்தியில் பாய் ஆதியோடந்தமாக விஷயத்தைச் சொல்ல, என் மாமியார் இலையில் கை வைக்காமல் உறைந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இப்ப அந்தத் துப்பாக்கி எங்கீங்க இருக்குது?"

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. நல்ல மனுஷர், பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்றுதான் நானும் நம்பினேன். சில வருடம் கழித்து ஒரு நாள், பையன் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடியதற்கு, அடுப்படிக்குள் அப்போதுதான் நுழைந்த அவரைப் பிடித்து ஐந்து நிமிடம் விடாமல் வைதேன். அவர் கீழே சிந்திய பாலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"நான் ஏழாம் நம்பருங்க. எட்டு வெளிய வெளையாடிட்டு இருக்குது."

இன்றுவரை எங்கள் வீட்டில் தப்பான ஆளை வைதால் யாரும் கோபப்படுவதில்லை. "ஏழுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்.