கேட்காமலே வந்த வக்கீல்

கேட்காமலே வக்காலத்து வாங்கும் இனம் ஒன்று உண்டு. எங்கள் கோவில் பங்கில் அந்த இனத்தின் பிரதிநிதி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கட்சிக்காரர் சாதாரணப்பட்டவரா? கத்தோலிக்கத் திருச்சபை! ஃபீஸ் வேண்டாம், எதிராளி கிடைத்தால் போதும். கண் சோதிக்க வந்தவரின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணையும் மூடிவிட்டால் அவர் எங்கே எழுந்து ஓடுவது?

அன்று அகப்பட்டவர் ஒரு வரலாற்று ஆசிரியர். சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்தார்.

“ஏன் சார், பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஒரு திருத்தந்தை, அதான் போப், மனச்சாட்சிச் சுதந்திரமே பைத்தியக்காரத்தனம்னு எழுதினாரு. அப்புறம் 1960கள்ல ஆயருங்க எல்லாம் கூடின வத்திக்கான் சங்கம், மதச் சுதந்திரம் மனுஷனோட உரிமைன்னு சொல்லிடுச்சு. ரெண்டுல எது சரி?”

“ரெண்டும்தான்! அது மாற்றமில்ல சார், வளர்ச்சி. விசுவாசத்துல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இதை எங்க சபை மாதிரி யாரு அழகா சொன்னாங்க? கீழ் வரியைப் படிங்க.”

மாற்றுக் கருத்துச் சொன்னவர்களை எரித்த விசாரணை மன்றங்கள்? அரசர்கள் செய்த வேலை. தடை செய்த புத்தகங்கள்? தாயின் கண்டிப்பு. ஆசிரியர் கீழ் வரியையே படித்தார். அது சுலபமாக இருந்தது.

கடையில் கூடவே வேலை பார்க்கும் மகள் லென்ஸைத் துடைத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது. இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“அப்பா, இனிமே நான் பூசைக்கு வரல. ஸ்டேஷன் ரோட்டுல வேற சபையோட ஜெபக்கூடம் இருக்குல்ல, அங்க போறேன். ரொம்ப நாளா யோசிச்சுதான் சொல்றேன்.”

“தப்புக்கு ஏதுடி உரிமை?”

பத்தொன்பதாம் நூற்றாண்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது.

“கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு காலையிலதானே சொன்னீங்க?”

“அது அரசாங்கத்துக்குச் சொன்னது. அப்பனுக்கு இல்ல.”

குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “ஏங்க, இந்த வீட்ல அரசாங்கம் யாரு?”

மறுநாளே கடைக்காரர் பங்குத்தந்தையிடம் போனார்.

“அவ சின்னக் குழந்தையா?” என்றார் பங்குத்தந்தை. “பேசலாம், ஜெபிக்கலாம். கட்டாயப்படுத்த முடியாது. சங்கம் தெளிவா சொல்லியிருக்கு.”

“சங்கத்தை நீங்க சரியா புரிஞ்சுக்கல ஃபாதர்!”

திருச்சபையின் போதிக்கும் அதிகாரத்துக்காக ஆயுள் முழுக்க வாதாடியவர், அது தனக்கு எதிராகத் திரும்பிய அரை நிமிடத்தில் அந்த அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டார். பிறகென்ன? ஞாயிறு காலை ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்தார். மகள் தேடிப் பார்த்தாள். நடந்தே போனாள். கோவிலில் அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மத்தியானம் அவள் திரும்பி வந்து, “சாப்டீங்களாப்பா?” என்றாள். அவர் பேப்பரைப் புரட்டினார். கடையிலும் பேச்சு நின்றது. சோதனை முடிந்ததும் பவரைச் சீட்டில் எழுதி அவள் பக்கம் தள்ளுவார்.

ஒரு ஞாயிறு பேய் மழை. ஜன்னல் வழியே பார்த்தார். தெருமுனையில் காற்று அவள் குடையைப் பிய்த்துத் திருப்பிப் போட்டுவிட்டது. கையால் தலையை மறைத்துக்கொண்டு மேலும் நடந்தாள். அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

“ஏறு.”

ஜெபக்கூட வாசலில் நிறுத்தினார். அவள் இறங்கியதும் கேட்டார்: “எப்போ முடியும்?”

“பன்னெண்டுக்குப்பா.”

“வந்து நிக்கிறேன். நனையாத.”

பூசைக்கு அவர் சொட்டச் சொட்டப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கமே முடிந்திருந்தது.

வரலாற்று ஆசிரியர் பிறகொரு நாள் கண்ணாடி ஃபிரேமைச் சரிசெய்ய வந்தார். “பொண்ணு வேற சபைக்குப் போறாங்களாமே?”

“நான் என்னைக்கு சார் தடுத்தேன்? எங்க வீட்ல மனச்சாட்சிதான் முதல்ல!”

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். மறுக்கவில்லை. வீடு போய்ச் சேரத்தான் வேண்டும். அவர் ஓட்டும் ஸ்கூட்டரில்தான்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் எந்தச் சபைக்கும் போகாதவராக இருக்கலாம். பேச்சுரிமைக்காக ஊர்வலம் போய்விட்டு வந்து, “எதிர்த்துப் பேசாதே” என்று கதவை அறைந்து சாத்தியது யார்? நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த அறையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, “நான் அப்படியா?” என்று கேளுங்கள். “சேச்சே, இல்லவே இல்ல” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் கவலைப்படுங்கள். பயந்துபோயிருக்கிறார்கள்.